கடலைக் கேட்டு மழையை அறிய முயன்றவர்
சேர் கில்பேட் வோக்கர் வரலாறு

வள்ளுவர் தம் நூலிற் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் வாழ்த்திய பின்னர் மழையை வாழ்த்திக் காப்பியத்தைத் தொடங்கினார். தெய்வத்துக்கு அடுத்த நிலையில் மழையை வைத்து எண்ணியது தமிழர் மரபு. அதற்குக் காரணம் வெளிப்படை. வானை நோக்கி வாழும் உழவனுக்கு மழையினும் பெரிய அரசு வேறில்லை. ஆயினும், ஓராண்டு பொழியும் மழை மற்றோராண்டு பொய்ப்பது ஏன் என்னும் வினாவுக்கு நெடுங்காலமாக எவரிடத்தும் விடை இருந்ததில்லை. பஞ்சாங்கம் இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று கூறும். அதைக் கேட்டுக் கோயில் முன்றிலிலிருந்து கலைந்து செல்வோம். பொழிந்தால் பஞ்சாங்கம் வென்றது. பொய்த்தால் ஊரார் செய்த வினை என்று அமைதி கொள்வோம்.

இக்காலத்தில் நிலைமை வேறு. கட்டைபறிச்சான் முதலாகக் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த எமது ஊர்களில் பெரும்போக வேளாண்மை வாடைக்காற்றோடு வரும் மாரி மழையை நம்பியது. புரட்டாதி பிறந்ததும் வானொலியிலும் பத்திரிகையிலும் எல் நீனோ என்னும் பெயர் அடிபடத் தொடங்குகின்றது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நீர் சூடேறியுள்ளது. ஆதலால் இலங்கையில் மழை இவ்வாறு இருக்கக் கூடும் என்று வளிமண்டலவியலார் அறிவிக்கின்றனர். எங்கோ பல்லாயிரம் மைலுக்கு அப்பாற் கிடக்கும் கடலுக்கும் எங்கள் வயல் வரம்புக்கும் என்ன உறவு என்று மாணாக்கர் வினவுகின்றனர். யான் தமிழ் கற்பிப்பவன். கணிதமும் விஞ்ஞானமும் என் துறையல்ல. எனினும், அவ்வுறவை முதன்முதல் எண்களாற் காட்டிய ஒருவரின் வரலாறு தமிழ் கற்போரும் அறிய வேண்டியது என்பது என் துணிபு. அவர் ஓர் ஆங்கிலேயர். ஆனால், அவர் ஆராய்ந்த மழை நம்முடையது. அவர் கைகொடுத்துத் தூக்கிய மேதை ஒருவரும் நம்மவரே.

பஞ்சம் எழுப்பிய வினா

1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை தென்னாட்டை வாட்டிய கொடும் பஞ்சத்தைத் தமிழர் தாது வருடப் பஞ்சம் என்பர். சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணத்தின் தக்கணப் பகுதி ஆகியவற்றில் மழை பொய்த்தது. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பு. எஞ்சியோருட் பலர் தோணியேறி இலங்கைக்கு வந்து மலைநாட்டுத் தோட்டங்களிற் கூலிகளாயினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர்.

இப்பஞ்சத்துக்குச் சற்று முன்னர், 1875இல், இந்திய வளிமண்டலவியல் திணைக்களம் நிறுவப்பட்டிருந்தது. அதன் முதற்றலைவர் என்றி பிளான்போட் என்பார். இமயமலையில் உறைபனி மிகுந்த ஆண்டுகளிற் பருவக்காற்று மெலிவதை அவர் கண்டார். அக்குறிப்பைக் கொண்டு 1886இல் இந்தியா முழுமைக்குமான முதற் பருவமழை முன்னறிவிப்பை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த சேர் யோன் எலியட் கடற்காற்று, வளியமுக்கம் முதலியவற்றையும் சேர்த்து நீண்ட முன்னறிவிப்புகளை எழுதினார். 1899ஆம் ஆண்டின் முன்னறிவிப்பு நம்பிக்கையளித்தது. பருவக்காற்றோ பெரிதும் பொய்த்தது. இலட்சக் கணக்கானோர் மீண்டும் பசியால் மடிந்தனர். அறிஞரின் கூர்த்த பார்வையும் நீண்ட அனுபவமும் மட்டும் இவ்வினாவுக்குப் போதா என்பது அன்று தெளிவாயிற்று. இந்நிலையிலேயே எலியட் ஓய்வு பெற, 1904இல் அவர் இடத்துக்கு வந்தார் கில்பேட் தோமஸ் வோக்கர்.

இளமையும் கல்வியும்

வோக்கர் 1868ஆம் ஆண்டு யூன் மாதம் 14ஆம் நாள் இங்கிலாந்தின் இலங்காசயர் மாநிலத்து ரொச்டேல் நகரிற் பிறந்தார். தந்தையார் ஒரு பொறியியலாளர். குரோய்டன் நகரசபையிற் பணியாற்றியவர். மகனுக்கு இளமையிலேயே கணிதத்தில் நாட்டம் மிகுந்தது. உதவிப் பணம் பெற்று இலண்டன் சென் போல் பாடசாலையிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரியிலும் பயின்றார். 1889இல் அப்பல்கலைக்கழகக் கணிதத் தேர்விற் சிரேட்டராக, அஃதாவது அனைவருள்ளும் முதல்வராகத் தேறினார். அக்காலத்தில் ஆங்கில நாட்டு மாணவர் ஒருவர் அடையக்கூடிய புகழுள் இதனின் மிக்கது அரிது.

அளவிறந்த படிப்பு உடலை நலித்தது. சில குளிர்காலங்களைச் சுவிற்சலாந்து மலைகளிற் கழித்து உடல் தேறினார். அங்கே பனிச்சறுக்கிலும் வல்லவரானார். மீண்டு வந்து 1895 முதல் தம் கல்லூரியிலேயே விரிவுரையாளரானார். மின்காந்த இயலில் எழுதிய ஆய்வுக்காக 1899இல் அடம்ஸ் பரிசு பெற்றார்.

வறண்ட கணிதப் புலவர் என்று அவரை எண்ணிவிடலாகாது. புல்லாங்குழல் இசைப்பதில் விருப்புடையவர். அதன் அமைப்பைத் திருத்துவதிலும் ஈடுபட்டவர். அவுஸ்திரேலியப் பழங்குடியினர் எறியும் பூமராங்கு எனப்படும் வளைதடி எறிந்தவரிடமே மீள்வது எங்ஙனம் என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் ஆற்றங்கரைப் புல்வெளியில் அதை எறிந்து பார்த்துக் கொண்டிருந்தமையால் நண்பர்கள் அவரைப் பூமராங்கு வோக்கர் என்றே அழைத்தனர். பிற்காலத்திற் சிம்லாவில், சிறகசைக்காது வானில் வட்டமிடும் பருந்துகளையும் கழுகுகளையும் நோக்கி, அவை ஏறும் காற்றின் இயல்பை ஆராய்ந்தார். கண்ணாற் காணவியலாத காற்றைக் காணத்தக்க பொருளின் அசைவால் அறிவது அவருக்கு இளமையிலேயே பழகிய கலை.

சிம்லாவில் ஒரு புதுமுறை

இத்தகைய ஒருவர் வளிமண்டலவியலை முறையாகக் கற்றவர் அல்லர். கணித ஆற்றல் ஒன்றையே கருதி எலியட் அவரைத் தெரிந்தெடுத்தார். இந்தியாவின் வானோக்கு நிலையங்களுக்கெல்லாம் தலைமை இயக்குநராகிய பெரும்பதவி முப்பத்தைந்து வயதில் அவரை வந்தடைந்தது. அதே 1904இல் இலண்டன் வேத்தியற் கழகமும் அவரை அங்கத்தவராக ஏற்றது.

வந்தவர் செய்த முதற் சிறப்பு, தமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்தறிந்தமையாகும். காற்றின் இயக்கத்தை இயற்பியல் விதிகளினின்றும் நேரே வருவித்துப் பருவமழையை முன்னறிய அன்றைய அறிவு போதாது என்று அவர் கண்டார். ஆதலால் வேறொரு வழியை மேற்கொண்டார். உலகெங்கும் கிடைக்கும் நீண்டகாலப் பதிவுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எவை ஒருங்கே ஏறி இறங்குகின்றன, எவை ஒன்று ஏற மற்றது இறங்குகின்றன என்று எண்களாற் காண்பதே அவ்வழி.

இதற்குக் கருவியாக அமைந்தது இணைபுக் குணகம் என்னும் கணிப்பு. மாணாக்கர் பொருட்டு அதனைச் சிறிது விளக்குவேன். மொரீசியஸ் தீவில் ஆண்டுதோறும் வைகாசி மாதத்து வளியமுக்கம் எவ்வளவு என்பது நாற்பது ஆண்டுப் பட்டியலாக இருக்கின்றது எனக் கொள்க. அதே நாற்பது ஆண்டுகளில் இந்தியாவிற் பெய்த மழை மற்றொரு பட்டியல். முன்னது மிகுந்த ஆண்டெல்லாம் பின்னதும் ஒரே அளவில் மிகுமாயின் குணகம் ஒன்று. முன்னது மிகுந்தபோதெல்லாம் பின்னது அவ்வளவாகக் குறையுமாயின் குணகம் குறை ஒன்று. இரண்டுக்கும் உறவே இல்லையாயின் அது சுழியத்தை அணுகும். ஒரு பட்டியலை ஓரிரண்டு பருவம் முன்தள்ளி வைத்தும் இவ்வாறு ஒப்பிடலாம். அங்ஙனம் ஒப்பிட்டு நல்ல குணகம் கிடைக்குமாயின் முன்னது பின்னதை முன்னறிவிக்கும் தூதாகின்றது.

இக்காலத்தில் இத்தகைய கணிப்பைக் கணினி இமைப்பொழுதில் முடிக்கும். அன்றோ அனைத்தும் கைக்கணக்கு. இந்திய எழுதுவினைஞர் பலர் சிம்லா அலுவலகத்தில் அமர்ந்து ஆண்டுக் கணக்காகப் பெருக்கியும் கூட்டியும் வகுத்தும் ஆயிரக்கணக்கான குணகங்களைக் கண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. வோக்கர் புகழிற் பாதி அவர்களுக்கு உரியது என்று கூறுதல் தகும்.

இம்முயற்சியின் பயனாக அவர் முதலில் அமைத்த வாய்பாடு நான்கு உறுப்புகளைக் கொண்டது: இமயத்தில் உறைபனியின் அளவு, மொரீசியஸ் தீவின் வளியமுக்கம், தென்னமெரிக்காவின் வளியமுக்கம், ஆபிரிக்கக் கரையோரத்துச் சன்சிபார்ப் பகுதியின் மழை. ஒவ்வொன்றுக்கும் அதன் வலிமைக்கேற்ற நிறையை வழங்கிக் கூட்டினால் வரும் பருவமழை இயல்பினும் மிகுமா குறையுமா என்பது தோன்றும். இதனை இன்றைய வழக்கில் மாதிரியுரு என்கிறோம். சிற்பி கோபுரம் எழுப்புமுன் சிறிய அளவில் ஒன்று செய்து பார்ப்பதுபோல, உலகத்தின் நடத்தையை எண்களாற் சிறிதாக்கிப் பார்ப்பதே மாதிரியுரு. இந்தியாவின் மழைக்கு ஆபிரிக்காவையும் தென்னமெரிக்காவையும் உசாவ வேண்டும் என்பது அந்நாளிற் பலருக்கு விந்தையாகத் தோன்றியது.

தற்செயலும் உண்மையும்

வோக்கரின் உண்மையான பெருமை குணகங்களைக் கண்டதில் மட்டும் இல்லை. தாம் கண்டவற்றைத் தாமே ஐயுற்றதில் உள்ளது. ஓர் ஊரின் நாற்பது ஆண்டு நெல் விளைவை எடுத்து, அதனோடு தேங்காய் விலை, திருமணங்களின் தொகை, திருவிழாவுக்கு வந்தோர் எண்ணிக்கை என நூறு பட்டியல்களை ஒப்பிட்டால், யாதொரு தொடர்புமின்றியே ஏதேனும் ஒன்று நன்கு பொருந்திவிடும். பொருந்தியதை மட்டும் எடுத்துக் காட்டிப் பொருந்தாத தொண்ணூற்றொன்பதையும் மறைத்துவிட்டால் உலகம் மயங்கும். இவ்வபாயத்தை நன்குணர்ந்த வோக்கர், 1914இல் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். எத்தனை பட்டியல்களைத் தேடினோமோ அத்தனைக்கு ஏற்பத் தேர்வும் கடுமையாதல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆய்வு செய்யும் எத்துறையினர்க்கும் இது பொருந்தும். ஒரு சொல்லின் வேரைத் தேடும்போது ஒலியொப்புமை ஒன்றையே கண்டு பிறமொழிச் சொற்களோடு உறவு கற்பிக்கும் தமிழ்ப் புலவர்க்கும் இது பொருந்தும் என்பேன்.

சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளே பஞ்சத்துக்குக் காரணம் என்னும் கொள்கை அக்காலத்தில் வலுவாக நிலவியது. வோக்கர் உலகின் பல நிலையங்களின் பதிவுகளோடு அதனைப் பொருத்திப் பார்த்து, மழையை முன்னறிதற்கு அது பெரிதும் பயன்படாது என்று கண்டார்.

காடு அழிந்தமையால் மழை குறைந்ததா?

இதே நேர்மை மற்றொரு வினாவிலும் வெளிப்பட்டது. 1895 முதல் 1902 வரை வட இந்தியாவில், சிறப்பாக வடமேற்கில், மழை குன்றியது. காடுகளை வெட்டியதாலேயே மழை ஒழிந்தது என்று பலர் கூறினர். நாட்டின் காலநிலையே நிலையாக மாறிவிட்டது என்னும் அச்சம் பரவியது. 1910இல் வோக்கர் இதுபற்றித் தனி ஆய்வொன்றை வெளியிட்டார். கிடைத்த மழைப் பதிவுகள் அனைத்தையும் ஆராய்ந்து, நிலையான காலநிலை மாற்றத்துக்குச் சான்றில்லை, குன்றிய மழை பருவக்காற்றின் ஏற்றத்தாழ்வினால் வந்தது என்னும் முடிவுக்கு வந்தார்.

இம்முடிவைக் காட்டிக் காட்டினால் மழைக்கு யாதொரு பயனுமில்லை என்று வாதிடுவோர் உளராயின், அவர் வோக்கரை அறியாதவர். அவரிடம் இருந்தவை மழைமானிப் பதிவுகள். அப்பதிவுகள் கூறியதை அவர் கூறினார், கூறாததைக் கூறவில்லை. மரங்கள் வேரால் உறிஞ்சி இலைவழியே விடும் நீராவி எவ்வளவு, அது எங்கே மீண்டும் மழையாகின்றது என்பதை அளக்கும் கருவியும் கணிப்பும் அன்று இல்லை. அவை எழுந்தபின் நாம் அறிந்ததைப் பின்னர்க் கூறுவேன்.

சென்னைத் துறைமுகத்தில் ஒரு நாள்

வோக்கர் வாழ்விற் குணகங்களோடு தொடர்பில்லாத, ஆயின் தமிழர் என்றும் மறவாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1913ஆம் ஆண்டு மாசி மாதம் அலுவல் நிமித்தம் சென்னைக்கு வந்த அவர், துறைமுக நிறுவனத்துக்குச் சென்றார். அந்நிறுவனத் தலைவராகிய சேர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தம் அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவரின் கணிதக் குறிப்பேடுகளை அவருக்குக் காட்டினார். மாதம் முப்பது ரூபா ஊதியத்தில் அங்கு வேலை பார்த்த அவ்விளைஞர், கும்பகோணம் தந்த சீனிவாச இராமானுசன்.

கேம்பிரிட்ஜ் முதல்வராகத் தேறிய வோக்கர், அவ்வேடுகளைப் பார்த்த மாத்திரத்தில் அவற்றின் அருமையை உணர்ந்தார். அவ்வகைக் கணிதம் தம் துறையன்று என்பதையும் மறைத்தாரில்லை. உடனே சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அவ்வேடுகளிற் காணும் ஆற்றல் கேம்பிரிட்ஜ்க் கல்லூரி அறிஞர் ஒருவரின் ஆற்றலோடு ஒப்பிடத்தக்கது என்றும், வயிற்றுப்பாட்டுக் கவலையின்றிச் சில ஆண்டுகளேனும் முழுநேரமும் கணிதத்தில் ஈடுபட அவ்விளைஞருக்குப் பல்கலைக்கழகம் வழி செய்தல் தகும் என்றும் அதிற் பரிந்துரைத்தார். பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபா உதவிப் பணம் வழங்கியது. பட்டமில்லாத ஒருவருக்கு அப்பல்கலைக்கழகம் அவ்வாறு வழங்கியது அரிய செய்தி. அடுத்த ஆண்டு, 1914 பங்குனியில், இராமானுசன் கப்பலேறினார். அவரை உலகறியச் செய்த பேராசிரியர் ஆர்டியின் பெயரை எல்லாரும் அறிவர். தாய்நாட்டிலேயே அவருக்குக் கதவு திறந்தவருள் வோக்கரும் ஒருவர் என்பதைப் பலர் அறியார். தகுதியுடைய இந்தியரைத் தம் திணைக்களத்தின் உயர்பதவிகளில் அமர்த்துவதிலும் அவர் ஊக்கம் காட்டினார்.

கடல்கள் ஆடும் ஊஞ்சல்

முதலாம் உலகப் போருக்குப் பின் வோக்கரின் நோக்கு இந்தியாவைக் கடந்து உலகம் முழுவதையும் தழுவியது. 1923, 1924ஆம் ஆண்டுகளில் வெளிவந்த உலக வானிலை பற்றிய நெடுங்கட்டுரைகளில், பூமியின் வளிமண்டலத்தில் மூன்று பேரலைவுகள் உள்ளன என்று காட்டினார். இரண்டு வடபுலத்தவை: ஒன்று அத்திலாந்திக்குக்கு உரியது, மற்றது பசிபிக்குக்கு உரியது. மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார்.

அதன் இயல்பு இது. பசிபிக் சமுத்திரத்தில் வளியமுக்கம் ஏறியிருக்கும்போது, ஆபிரிக்கா முதல் அவுஸ்திரேலியா வரை இந்து சமுத்திரத்தில் அமுக்கம் தாழ்ந்திருக்கும். பசிபிக்கில் தாழும்போது இங்கே ஏறும். ஊஞ்சற் பலகையின் இரு முனைபோல இரு பெருங்கடல்களும் மாறிமாறி உயர்ந்து தாழ்கின்றன. இவ்வூஞ்சல் எம்முனையிற் சாய்கின்றதோ அதற்கேற்ப இந்தியாவின் மழையும் நைல் நதியின் வெள்ளமும் மாறுகின்றன. இவ்வலைவை அளக்கப் பின்னர் அவர் அமைத்த வாய்பாட்டிற் சாந்தியாகோ, ஒனலூலு, பத்தாவியா, தார்வின், கெய்ரோ ஆகிய தூர நகரங்களோடு நமது சென்னையின் வெப்பநிலையும் ஓர் உறுப்பாக இடம்பெற்றது.

1924இல் இந்தியப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் பெற்றார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வளிமண்டலவியற் பேராசிரியராகிப் பத்தாண்டுகள் கற்பித்தார். 1931இல் தார்வின் துறையின் வளியமுக்கப் பதிவை எடுத்து, ஒரு பருவத்தின் நிலை அதன் முந்திய பருவங்களின் நிலையினின்றும் எங்ஙனம் பிறக்கின்றது என்பதைச் சமன்பாடுகளாக வடித்தார். அதற்கு முன்னர், 1927இல், யூல் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளுக்கு இதுபோன்றதொன்றைச் செய்திருந்தார். இருவர் பெயராலும் வழங்கும் யூல்-வோக்கர் சமன்பாடுகளை இன்று பொருளியலாரும் பொறியியலாரும் ஒலியியலாரும் கையாள்கின்றனர். கடலின் மூச்சைக் கணக்கிட வகுத்த முறை மனிதர் பேச்சை ஆராயவும் உதவுகின்றது.

வாழ்ந்தபோது கிடைக்காத விடை

இத்துணை செய்தும் வோக்கர் தம் குறிக்கோளை முற்ற எய்தினாரல்லர். உறவு இருக்கின்றது என்று காட்டினார். அஃது ஏன் இருக்கின்றது என்று அவராற் காட்ட இயலவில்லை. பல்லாயிரம் மைல் இடைவெளியில் உள்ள இடங்கள் ஒன்றையொன்று அசைப்பது எவ்வாறு என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். உயர்வளியின் இயக்கம் அளக்கப்படும் காலத்திற் காரணம் வெளிப்படக் கூடும் என்று அவர் கருதினார். மேலும், அவர் ஓய்வு பெற்ற பின்னைய பதிற்றாண்டுகளில் அவர் கண்ட உறவுகளுட் சில தளர்ந்தன. அவர் பதவியில் பின்னர் அமர்ந்த சேர் சாள்ஸ் நோமண்ட், இந்தியப் பருவமழை பின்வரும் பருவங்களைக் காட்டும் அளவுக்குத் தன் வரவை முன்கூட்டிக் காட்டுவதில்லை என்று 1953இல் எடுத்துரைத்தார். பஞ்சத்தை முன்னறிந்து உயிர்களைக் காக்கும் பொருட்டுத் தொடங்கிய முயற்சி பாதிவழியில் நின்றுவிட்டது போலவே தோன்றியது.

1958ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், தொண்ணூறாவது வயதில், இங்கிலாந்தின் சரே மாநிலத்துக் கூல்ஸ்டன் என்னும் ஊரில் வோக்கர் காலமானார். விதியின் விளையாட்டு ஒன்றை இங்கே காண்கின்றோம். 1957 நடுப்பகுதி முதல் 1958 முடியும்வரை உலக நாடுகள் கூடிப் பூமியை அளந்த அனைத்துலகப் புவிப்பௌதிக ஆண்டு நடைபெற்றது. அதே காலத்திற் பசிபிக் கடலில் வலிய எல் நீனோ ஒன்று எழுந்திருந்தது. வோக்கர் கேட்ட வினாவுக்கு விடையாகும் அளவைகள், அவர் இறுதிமூச்சு விட்ட அதே ஆண்டிற் குறிப்பேடுகளில் ஏறிக்கொண்டிருந்தன.

அக்குறிப்புகளை ஆராய்ந்து 1969இல் விடை கூறியவர் நோர்வே நாட்டிற் கல்விகற்று அமெரிக்காவிற் பணியாற்றிய யாக்கோபு பியேர்க்கினிஸ். இயல்பான ஆண்டுகளிற் கிழக்கினின்றும் வீசும் வியாபாரக் காற்று பசிபிக்கின் வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளி வைக்கின்றது. அங்கே வளி மேலெழுந்து மழை பொழிந்து, உயரத்திற் கிழக்கே சென்று, பெரு நாட்டுக்கு அருகே குளிர்ந்த கடலின்மேல் இறங்குகின்றது. அக்காற்று மெலிந்தால் வெந்நீர் கிழக்கே பரவும். வளி மேலெழும் இடமும் பெயரும். நம் பக்கத்தில் அமுக்கம் ஏறும். கடல் காற்றை ஆட்ட, காற்றுக் கடலை ஆட்ட, ஊஞ்சல் அசைகின்றது. இப்பெருஞ் சுழற்சிக்குப் பியேர்க்கினிஸ் வோக்கர் சுற்றோட்டம் என்று பெயர் சூட்டினார். 1877, 1899ஆம் ஆண்டுகளின் பஞ்சங்கள் எல் நீனோக் காலத்தன என்பது இன்று தெளிவு. அதே எல் நீனோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இலங்கைக்கும் தென்றமிழகத்துக்கும் பெரும்பாலும் மிகுமழை தருவது. தைக்குப் பின் எமது மழையைக் குறைக்கும் இயல்பினது. ஓரிடத்திற் பஞ்சம் தருவது மற்றோரிடத்தில் வெள்ளம் தரும் என்பதை மாணாக்கர் ஊன்றி உணர்க.

வழித்தோன்றல்கள்

அதே 1969இல் சியுக்குரோ மனாபே என்னும் யப்பானிய அறிஞர், பிரையன் என்பாரோடு சேர்ந்து, கடலையும் வளிமண்டலத்தையும் இணைத்து இயங்கும் மாதிரியுருவைக் கணினியில் அமைத்தார். மனாபேக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது. வோக்கரின் மாதிரியுரு பழைய பதிவுகளின் ஒப்புமையால் எழுந்தது. இவருடையது இயற்கை விதிகளையே எண்ணுருவாக்கி இயக்குவது. முறை வேறு, வினா ஒன்றே.

காட்டைப் பற்றிய வினாவும் மீண்டும் எழுந்தது. உத்தரப் பிரதேசத்துப் பல்லியா மாவட்டச் சிற்றூரொன்றிற் பிறந்த செகதீசு சுக்லா, மின்சு என்பாரோடு சேர்ந்து, 1982இல் ஒரு கணினிச் சோதனை செய்தார். நிலம் முழுவதும் ஈரத்தை ஆவியாக விடும் உலகம் ஒன்று. சிறிதும் விடாத உலகம் ஒன்று. ஆவி விடாத உலகில் நிலத்தின்மேல் மழை பெரிதும் குறைந்தது. 1991இல் நோபிரே முதலியோருடன் கூடி, அமேசன் காட்டை அழித்துப் புல்வெளியாக்கினால் விளைவது யாதெனக் கணித்தார். வெப்பம் ஏறியது, மழை குறைந்தது. இந்தியாவைப் பற்றி அண்மையில் எழுந்த ஆய்வுகளும் காடு பயிர்நிலமாகியமையாற் பருவமழையின் ஒரு கூறு குன்றியதைக் காட்டுகின்றன. நிலத்தில் உண்மையாகவே காட்டை அழித்துப் பார்த்தபின் விடையறிதல் மீளமுடியாத கேடு. மாதிரியுருவில் அழித்துப் பார்த்தல் கேடில்லாத அறிவு. மாதிரியுருவின் தலையாய பயன் இதுவே.

வோக்கர் 1910இற் சான்றில்லை என்று கூறிய நிலையான மாற்றமும் இன்று சான்றோடு நிற்கின்றது. அவர் மறைந்த 1958இல் அவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் வளியிலுள்ள காபனீரொட்சைட்டை இடையறாது அளக்கத் தொடங்கினர். அன்று பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 315 பங்கு. இன்று 420க்கும் மேல். 1951க்கும் 2015க்கும் இடையில் வெப்பமண்டல இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு பாகை சூடேறியது. முன்னோர் பதிவுகளினின்றும் பெற்ற ஒப்புமைகள் மாறிவரும் கடலில் அப்படியே நில்லா. ஆகவே, மாதிரியுருக்களும் ஓயாது புதுப்பிக்கப்படல் வேண்டும்.

பெருமையின் அளவு

வோக்கர் வரலாற்றினின்றும் யான் கொள்ளும் கருத்து ஒன்று. முன்னறிவிப்பு பலித்ததா பொய்த்ததா என்பதைக் கொண்டு மட்டும் அறிஞரை அளத்தல் ஆகாது. பொய்த்தபோது காரணம் காண இடம் வைத்துச் செய்தாரா என்பதே அளவுகோல். சோதிடனின் கூற்றும் விஞ்ஞானியின் கூற்றும் பிரியும் இடம் இதுவே. வோக்கர் தம் எண்களையும் முறையையும் ஐயத்தையும் உடன்வைத்தே வெளியிட்டார். ஆதலால் அவர் விட்ட இடத்தினின்றும் பிறர் தொடர முடிந்தது.

மற்றொன்றும் உண்டு. எங்கோ ஒரு துறைமுகத்தில், எவரோ ஓர் எழுதுவினைஞர், நாள்தோறும் தவறாது வளியமுக்கமானியைப் பார்த்து எழுதி வைத்தமையாலேயே இவ்வளவும் விளைந்தது. அவர் தம் குறிப்பு இன்னதற்குப் பயன்படும் என்று அறிந்திலர். எமது பாடசாலைகளில் மழைமானி ஒன்றை நிறுத்தி, மாணாக்கர் முறைவைத்து அளந்து ஏட்டில் எழுதுவாராயின், அது விஞ்ஞானப் பாடம் மட்டுமன்று. அறநூற் பாடமும் ஆகும். கொட்டியாரக் குடாவின் கண்டற்காடு எங்கே குறுகியது, எந்த ஆண்டு மாரி பிந்தியது, வயற்கிணற்றில் உவர் எப்போது ஏறியது என்பன எல்லாம் எழுதப்படாது போனால், வருங்காலத்து வோக்கர் ஒருவர் தோன்றினும் அவருக்கு நாம் கொடுப்பதற்கு ஒன்றும் இராது. வான்சிறப்பை மனப்பாடம் செய்யும் மாணாக்கர், அதற்கு உரையாக மழையின் கணக்கையும் எழுதி வைப்பாராக.